கள்ளித் திசு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சைத் தொற்றையும், ஊடகத்தின் (புட்டிக்குள் திசு வளரும் சத்துக் கூழின்) அமிலத்தன்மையைச் சரிபார்க்க மறப்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் மாதத்திலேயே தாமாகப் புரிந்துவிடும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற மாணவர்கள், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளை வரிசை கூட மாறாமல் செய்கிறார்கள் என்பதே இதை எழுதக் காரணம்.

புடைத்திருப்பதைச் செழிப்பென்று எண்ணுவது

வேறொரு செடியின் இலை புட்டிக்குள் கண்ணாடிபோல் ஆகிவிட்டால் உடனே சந்தேகம் எழும். கள்ளியோ இயல்பிலேயே நீர் நிறைந்து தடித்தது என்பதால், அதே கோளாறு செழிப்பின் வேடத்தில் வந்து நிற்கிறது. மாமில்லேரியா என்ற கள்ளியின் முள்முடிச்சுகளில் உறங்கும் மொட்டுகளை எழுப்ப, தளிர்விடத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஊக்கியான பென்சைல் அடினைன் சேர்த்துக்கொண்டிருந்த நான், தளிர்கள் இன்னும் பெருகட்டும் என்ற ஆசையில் அதன் அளவை நான்கு மடங்காக்கினேன். ஆறு வாரத்தில் உருண்டு திரண்டு பளபளத்த தளிர்களைக் கண்டு பெருமைப்பட்டேன். அதுவாவது அறியாமை. அவற்றிலேயே மிகப் பருத்தவற்றைத் தேர்ந்தெடுத்து அடுத்தடுத்து மூன்று முறை புதிய ஊடகத்துக்கு மாற்றி மறுவளர்ப்புச் செய்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. நோயுற்றவற்றைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியிருக்கிறேன்! மண்ணுக்கு மாற்றிய பத்து நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லாமே கூழாகிச் சரிந்தன.

மிகைநீர்மை எனப்படும் இந்நிலையில், செல்களுக்கிடையே காற்று இருக்க வேண்டிய வெளிகளில் நீர் நிறைகிறது. செல்சுவர்களுக்கு உறுதி தரும் லிக்னின் குறைகிறது. மேற்தோலின் மெழுகுப் படலம் மெலிகிறது. இலைத்துளைகள் சரியாக மூடுவதில்லை. தளிரை விளக்கொளியில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா, முட்கள் மென்மையாகவோ குறைவாகவோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சைட்டோகைனினைக் குறைத்து, ஊடகத்தை இறுக வைக்கும் அகாரைச் சற்றுக் கூட்டி, நீராவி வெளியேறும் மூடிக்கு மாற்ற வேண்டும். அந்தத் தளிர்களை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுக்கக் கூடாது.

புட்டிக்குள்ளும் அது பாலைவனச் செடிதான் என்று நம்புவது

வெளியே கள்ளி இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்துகிறது. புட்டிக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது, சர்க்கரையும் ஊடகத்திலேயே கிடைக்கிறது. ஆகவே அந்தச் சிக்கனம் தளர்ந்துவிடுகிறது. கோரிஃபாந்தா மினிமா என்ற கள்ளியில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், புட்டிச் செடிகள் ஒளியிலும் இருளிலும் கரியமில வாயுவை ஏற்றன. அந்தப் பழக்கத்துடன் வெளியே வருகிற செடியிடம் முதல் நாளே வறட்சியைத் தாங்கும்படி எதிர்பார்ப்பது நியாயமன்று.

வேர் விட்டதும் மூடியைக் கழற்றிவிடுவது

வேண்டாம். படிப்படியாகத் திறவுங்கள்.

கேலஸிலிருந்து அச்சு அசலான நகலை எதிர்பார்ப்பது

கேலஸ் எனும் உருவமற்ற செல்திரளின் வழியே மீண்டெழும் செடிகளில் தோன்றும் மாறுபாடுகளுக்கு ஆய்வாளர்கள் லார்கினும் ஸ்கௌக்ராஃப்ட்டும் 1981இல் உடற்செல் நகல் மாறுபாடு என்று பெயரிட்டார்கள். தாய்ச்செடியே வேண்டுமென்றால் முள்முடிச்சிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. மாமில்லேரியா கிராசிலிஸின் கேலஸோ வளர்ச்சி ஊக்கிகளே இல்லாத ஊடகத்திலும் வளரக்கூடியது. அப்படி வளர்ந்ததைப் பார்த்து, ஊடகத்தைத் தவறாகக் கலந்துவிட்டதாக எண்ணி ஒரு மாணவர் அத்தனையையும் கொட்டிவிட்டார்; கொட்டும் முன் என்னைக் கேட்டிருக்கலாம்.

எத்தனையாவது மறுவளர்ப்பு என்று எழுதாமல் விடுவது

புட்டியின் மேல் எழுதுங்கள்; மூடியின் மேல் அல்ல. மூடிகள் இடம் மாறும்.