வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

டென்மார்க்கின் நோவோ நிறுவனம் மருந்தை உள்ளேயே வைத்திருக்கும் பேனா வடிவ ஊசியான இன்சுலின் பேனாவை முதன்முதலில் 1985-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பிலேயே பல கம்பெனிப் பேனாக்கள் கிடைக்கின்றன. சுகருக்கும் உடல் எடைக்குமான மவுஞ்சாரோ என்ற ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்குக் குப்பியில் வந்தது. ஆகஸ்டில் பேனாவாகவும் வந்துவிட்டது. 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் சொன்ன நாட்டில் இந்தச் சந்தை வளரத்தான் செய்யும். பேனாவை வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் போடும் முறையை உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. இரவில் பேனா மக்கர் செய்கிறது. வீட்டில் பழைய சிரிஞ்ச் கிடக்கிறது. பேனாவுக்குள் மருந்து இருக்கும் குழாயான கார்ட்ரிட்ஜில் குத்தி மருந்தை இழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யவே கூடாது. இங்கே குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் இருப்பது வழக்கமாக 100 யூனிட். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். தூக்கத்திலேயே சுகர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதனால் மாற்றுப் பேனா ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தினமும் ஒரே இடத்தில் குத்துவது. அங்கே வலி குறைவாக இருப்பதால் கை தானாக அங்கேயே போகும். நாளடைவில் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அந்த இடத்தில் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. சுகர் ஏன் இப்படி ஆடுகிறது என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தொப்புளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு இடத்துக்கு மாறும்போது பழைய டோஸே அதிகமாகிவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்துங்கள்.

போட்ட பிறகு ஊசியைப் பேனாவிலேயே விட்டால் மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும். அடுத்த டோஸ் குறைந்துவிடும். ஊசியைக் கழற்றிவிடுங்கள். புது ஊசி மாட்டியதும் 2 யூனிட் வெளியே விட்டு, நுனியில் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். பட்டனை அழுத்திய பின் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகை என்றால் முதலில் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் சுருக்கமாக: திறக்காத பேனா ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீஸர் வேண்டாம், உறைந்துபோனால் தூக்கிப் போடுங்கள். நம்மூர் மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்த இன்சுலினையும் நம்பாதீர்கள்.

அப்புறம், மவுஞ்சாரோ போன்றவை வாரத்துக்கு ஒருமுறை மட்டும். இன்சுலின் பழக்கத்தில் தினமும் போட்டுவிடாதீர்கள். கணவன் மனைவியே ஆனாலும் ஒரே பேனா கூடாது. ஊசியை மாற்றினாலும் ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் போயிருக்கலாம்.

கழற்றிய ஊசியை வீட்டுக் குப்பையில் சும்மா வீசாதீர்கள். துப்புரவுப் பணியாளரின் கையில் அது குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடி, நீங்கள் காட்டும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.