போதையில் வரும் இளையோருக்கான அவசர சிகிச்சை: ஒத்திகைப் பயிற்சியை நடத்தும் முறை

மது வாடையுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் 17 வயதுப் பையனைப் பார்த்ததும், "தண்ணி போட்டிருக்கான், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று யாரேனும் சொல்லிவிட்டால், முழுப் பரிசோதனை தள்ளிப்போய்விடுகிறது. இரத்தச் சர்க்கரைக் குறைவும் தலைக்காயமும் வேறு மருந்துகளின் நச்சும் வெறும் போதையைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், அந்த ஒரு வாக்கியம் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே ஒத்திகைக் காட்சியை எழுதும்போதே, மதுவுக்குப் பின்னால் இன்னொரு காரணத்தை மறைத்து வையுங்கள்.

பயிற்சியைத் தனி அரங்கில் நடத்துவதைவிட, பணி நடக்கும் இடத்திலேயே, கூட்டம் குறைந்த நேரத்தில், அன்றாடம் சேர்ந்து பணியாற்றும் குழுவைக் கொண்டு நடத்துவதே நல்லது. அபின் வகை (ஓபியாய்டு) மருந்துகளின் நஞ்சை முறிக்கும் நலோக்சோன் எந்த அலமாரியில் இருக்கிறது, சக்‌ஷன் கருவி வேலை செய்கிறதா, குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும். நோயாளிகள் திடீரென அதிகரித்தால் பயிற்சி உடனே நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பயிற்சிக்கான குப்பிகளில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டி, முடிந்ததும் எண்ணித் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

நோயாளியாகப் பயிற்சி மருத்துவர் ஒருவர் நடிக்கலாம். ஊசியும் மூச்சுக் கொடுப்பதும் அருகிலுள்ள பொம்மையில் நடக்கட்டும். ஓட்ஸ் கஞ்சியைச் சட்டையில் தடவினால் வாந்தி போலவே இருக்கும். ஆனால் வாடைக்காக ஸ்பிரிட்டை ஊற்றக் கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் அது தீ ஆபத்து. வாடை வீசுகிறது என்று நடத்துநர் சொன்னாலே போதும்.

காட்சி இப்படி அமையலாம். நண்பன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து சேர்க்கிறான். நினைவு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ அளவு 15-க்கு 11, மூச்சு நிமிடத்துக்கு 10, கண்மணிகள் ஊசிமுனை போல் சுருங்கியுள்ளன. சர்க்கரையைப் பார்க்கும்படி குழு கேட்டால் மட்டுமே 46 என்ற மிகக் குறைந்த எண்ணைச் சொல்லுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றியதும் பையன் சற்றே முனகட்டும்; குழு நிம்மதியடையும் அந்த நேரத்தில் மூச்சை 6-க்கும் ஆக்சிஜன் அளவை 84-க்கும் இறக்குங்கள். அவன் டேபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரையும் உட்கொண்டிருக்கிறான். கையால் அமுக்கும் பேக்-மாஸ்க் கருவியால் மூச்சுக் கொடுப்பது முதல் வேலை, நலோக்சோன் அடுத்தது. நலோக்சோனின் வேகம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தணிந்து மூச்சு மீண்டும் குறையக்கூடும் என்பதால் கண்காணிப்பைத் தொடரும்படி யார் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

இக்காட்சியின் உயிர்நாடி நண்பனாக நடிப்பவர்தான். "போலீசைக் கூப்பிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் அவர் வாயே திறக்கக் கூடாது. செவிலியர் தனியே அழைத்து, "தம்பி, உன்மேல தப்பு சொல்லல, அவன் என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்" என்று கேட்டால், பாதி காலியான மாத்திரை அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும். பரிவாகப் பேசுவதும் சிகிச்சையின் பகுதியே என்பதைக் குழு கண்ணால் காணும் இடம் இதுதான்.

காட்சிக்கு 15 நிமிடம் என்றால் கலந்துரையாடலுக்கு 30 நிமிடமாவது ஒதுக்குங்கள். முதலில் அனைவரும் மனத்தில் உள்ளதைச் சொல்லட்டும், பிறகு, "போதைதான் என்று நாம் முடிவு செய்தது எந்த நொடியில்? அதற்குப் பின் எதைப் பார்க்காமல் விட்டோம்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட இடம் தராதீர்கள். இளநிலைச் செவிலியர் தாம் கண்டதை மூத்த மருத்துவரிடம் ஏன் சொல்லத் தயங்கினார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

அடுத்த முறை மறைந்திருக்கும் காரணத்தை மாற்றுங்கள். காதுக்குப் பின்னால் முடியில் ஒட்டிய இரத்தம் ஒரு காட்சி. பார்வை மங்குவதாகச் சொல்லும் கல்லூரி மாணவர் இன்னொன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்த, பார்வையைப் பறிக்கும் மெத்தனால், குடித்துப் பல மணி நேரம் கழித்தே தன் முழு நஞ்சைக் காட்டக்கூடும். தற்கொலை எண்ணத்துடன் விழுங்கிய பாராசிட்டமாலும் ஒரு காட்சியாகட்டும். உட்கொண்டு 4 மணி நேரம் ஆன பின்பே இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைக் கொண்டு முடிவெடுக்க முடியும். 18 வயதுக்குட்பட்டவர் மயக்கத்தில் வரும் காட்சியில், பாலியல் வன்முறை நடந்திருக்கலாமா என்ற கேள்வியையும், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டிய கடமையையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

இரவுப் பணிக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சர்க்கரை பார்க்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்; காணாமற்போன ஸ்ட்ரிப், பூட்டிய அலமாரி போன்ற குறைகளை அன்றே எழுதி, யார் எப்போது சரிசெய்வார் என்பதையும் அதிலேயே பதிவு செய்யுங்கள்.