புலியைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன்

பி.எட். முடித்துவிட்டு, புலியும் சிறுத்தையும் ஊருக்குள் வரும் கூடலூர், வால்பாறை பக்கம் வேலைக்குப் போனால் சீக்கிரமே ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், அந்தப் புலிய சுட்டுடலாம்ல?" யோசிக்காமல் பதில் சொன்னால் வருவது பெரும்பாலும் நம் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சுதான். அதனால் பயிற்சிக் காலத்திலேயே இதைச் செய்து பாருங்கள்.

ஐந்தாறு பேர் உட்காருங்கள். டி23 புலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் நீலகிரியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. வேட்டையாட உத்தரவு வந்தது, உடனே கொல்ல வேண்டாம் என்றது உயர் நீதிமன்றம், கடைசியில் அக்டோபர் 15 அன்று மசினகுடியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், ஏன்? விவாதம் வேண்டாம், தாளில் எழுதுங்கள்.

அப்புறம் அந்த 'ஏன்'களை மட்டும் படியுங்கள். மனிதன் தேவைதான் முதலில் என்பது ஒரு பக்கம், விலங்கும் நம்மைப் போல ஓர் உயிர் என்பது இன்னொரு பக்கம். பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளையும் டிவியில் மட்டும் புலி பார்த்தவரும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். யார் எழுதியதும் தப்பில்லை, ஆனால் எது நம்முடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம், இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். தகவல் மாதிரி எழுதியிருக்கும் வரிகளை அடிக்கோடிடுங்கள். "மனித ரத்தம் ருசி கண்டால் விடாது" என்று ஒருவர் எழுதியிருப்பார், அது பயம். "நாம் காட்டுக்குள் போனதால்தான் வருது" என்று இன்னொருவர் எழுதியிருப்பார், அது குற்ற உணர்ச்சி. மகாராஷ்டிராவின் ஜுன்னரில் காட்டிலிருந்து வராமல் கரும்புத் தோட்டத்திலேயே பிறந்து வளரும் சிறுத்தைகள் இருக்கின்றனவே! "பிடித்துக் காட்டில் விட்டுடலாம்" என்பது எல்லோருக்கும் பிடித்த பதில், எனக்கும் பிடித்திருந்தது. அதே ஜுன்னரில் 2001-லிருந்து சில ஆண்டுகள் அப்படித்தான் ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்தார்கள், பலவற்றை வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. இரக்கம் உண்மைதான், ஆனால் அந்த வழி வேலை செய்ததா என்பது தனிக் கேள்வி.

சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி புலியும் சிறுத்தையும் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருக்கின்றன. மனித உயிருக்கு ஆபத்தாகியோ, குணமாக முடியாத அளவுக்கு முடமாகியோ நோயுற்றோ இருந்து, பிடிக்கவும் முடியாது என்றால்தான் தலைமை வன உயிரினக் காப்பாளர் கொல்ல அனுமதிக்கலாம்.

சரி, வகுப்பில்? உங்கள் தீர்ப்பை முதலில் சொல்லாதீர்கள். யார் வீட்டில் ஆடு மாடு போயிருக்கிறது, யாராவது ஆளையே இழந்திருக்கிறார்களா என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இருட்டிய பிறகு சின்னப் பிள்ளைகள் தனியே வெளியே போகக் கூடாது, வீட்டருகே இறைச்சிக் கழிவு கொட்டினால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுட வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் 'ஏன்?' என்று போட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள்.