லோடு ஏறினால் குழறும் சீரியல் போர்ட்: என் அனுபவம்

ஒருவழியாகச் சரியானது. பல நாளைத் தின்ற பிரச்சினை என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் ஒற்றைப் பலகைக் கணினியின் (ஒரே போர்டில் அடங்கிய சிறு கணினி) ஜிபிஐஓ 14, 15 பின்கள்தான் அதன் சீரியல் போர்ட்; தரவு பிட் பிட்டாகப் போய்வரும் வழி. அதில் ஒரு ஜிபிஎஸ் மாட்யூலை 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் இணைத்திருந்தேன். பூட் ஆனதும் வரிகள் ஒழுங்காக வரும். கனமான வேலை ஏதாவது ஓடத் தொடங்கினால் போதும், எழுத்துகள் குப்பையாகிவிடும். வேலை முடிந்ததும் தானாகத் தெளியும்.

பவர் சப்ளையை மாற்றினேன். அப்புறம் வயர், கிரவுண்ட், கடைசியில் மாட்யூலையே மாற்றினேன். பலனில்லை. அனுப்பும் பின்னான டிஎக்ஸையும் பெறும் பின்னான ஆர்எக்ஸையும் ஒரு வயரால் சேர்த்து, அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று லூப்பேக் சோதனை செய்தால் எந்த லோடிலும் பாஸ். அதிகம் குழப்பியது இதுதான்.

சிக்னலின் நேரத்தை அளக்கும் லாஜிக் அனலைசரை மாட்டி, போர்டு அனுப்பும் ஒரு பிட்டின் அகலத்தை அளந்தேன். சும்மா இருக்கும்போது 104 மைக்ரோ வினாடி, லோடில் 65. விடை அங்கேதான் இருந்தது. அந்தப் பின்களில் இருப்பது மினி யூஆர்ட். யூஆர்ட் என்பது சீரியல் தரவை அனுப்பிப் பெறும் சர்க்யூட். அதன் பாட் வேகம் சிப்பின் கோர் கிளாக்கை (உட்பகுதிகளை ஓட்டும் துடிப்பின் வேகம்) வகுத்துக் கிடைப்பது. லோடு ஏறி அந்தக் கிளாக் 250 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400-க்குத் தாவினால் 9600 என்பது 15360 ஆகிவிடும். லூப்பேக்கில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கிளாக்கில் ஓடுவதால் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

கோர் கிளாக்கை 250-இல் நிறுத்தி வைக்கலாம், ஆனால் ஜிபியு (கிராபிக்ஸ் பகுதி) மெதுவாகும். எனக்கு ப்ளூடூத் தேவையில்லை என்பதால் பூட் அமைப்புக் கோப்பில் அதை அணைத்தேன். அது பிடித்து வைத்திருந்த பிஎல்011 என்ற இன்னொரு யூஆர்ட் இந்தப் பின்களுக்கு வந்தது. அதற்குத் தனிக் கிளாக் உண்டு, லோடு ஏறினாலும் வேகம் அசையாது. சாதனப் பெயர் மட்டும் டிடிஒய்எஸ்0-இலிருந்து டிடிஒய்ஏஎம்ஏ0 ஆக மாறும். ப்ரோக்ராமில், இந்தப் பின்களில் எந்த யூஆர்ட் இருந்தாலும் அதையே சுட்டும் சீரியல்0 என்ற பெயரைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.