திருகோணமலையில் தொழிலுக்கு ட்ரோன் பறக்கவிட: விதியைச் சரிபார்க்கும் முறை

கலியாண வீடு, நிலாவெளி ஹோட்டல் விளம்பரம், காணி, வயல் என்று இங்கே ட்ரோனுக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் கடைக்காரர் சொன்னதையும் யூடியூபில் கேட்டதையும் நம்பித்தான் பல தம்பிமார் தொழிலில் இறங்குகிறார்கள். விதி அப்படியே நிற்பதில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த சில நாட்களில் நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை வந்தது. முறையாகப் பறக்கவிட்டவர்களும் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கு முன்பும் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எடை. பற்றரியோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் 250 கிராமுக்குக் குறைந்தால் பதிவு வேண்டாம் என்பார்கள். இலங்கையில் எல்லைக்கோடு 200 கிராம். பலர் வாங்கும் 249 கிராம் மினி ட்ரோனும் இங்கே பதிவு செய்ய வேண்டியதுதான்.

இரண்டாவது, பதிவு. இதைச் செய்வது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் பாதுகாப்பு அமைச்சினதும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினதும் அனுமதியை முதலே எடுங்கள். பெட்டி சுங்கத்தில் நிற்கும்போது ஓடித் திரிவதில் பயனில்லை. பழைய ட்ரோன் வாங்கினால் அதன் பதிவு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாவது, இடம். திருகோணமலைக்காரருக்கு இதுதான் பெரிய விஷயம். பதிவு இருப்பதால் எங்கும் பறக்கலாம் என்றில்லை, பறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். நம் ஊர் வரைபடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும், பக்கத்திலேயே எண்ணெய்க் குதங்கள், துறைமுகத்தோடு கடற்படையின் கிழக்குக் கட்டளையகம். கோணேஸ்வரத்துக்குப் போகும் பாதையே இராணுவம் இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான். கோயிலில் தாலி கட்டுவதை மேலிருந்து எடுத்துத் தரச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்படுவார்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை ஒத்துக்கொள்ளாதீர்கள். புறாத்தீவு தேசிய பூங்கா, அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. கன்னியா வெந்நீரூற்று என்றால் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேளுங்கள்.

இடம், திகதி, நேரம், ட்ரோனின் பதிவு விபரம், எதற்காகப் பறக்கிறது என்பதெல்லாம் விண்ணப்பத்தில் தெளிவாக இருக்கட்டும். அனுமதி வர நாளெடுக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அதிகார சபையின் இணையத்தளத்தை வேலைக்கு முதல்நாள் ஒருதரம் திறந்து பாருங்கள். உங்கள் அனுமதிக்குப் பின் புது அறிவித்தல் வந்திருந்தால் அதுதான் செல்லும். வட்ஸ்அப் குழுவில் சுற்றும் படத்தில் திகதி இருக்காது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அனுமதியில் எழுதியிருக்கும் உயரம், தூரம் இரண்டையும் கருவியின் செட்டிங்கிலேயே போட்டுப் பூட்டிவிட்டால் ஆர்வத்தில் தாண்டிப் போக இடமிருக்காது.

பறக்கும் நாளில் அனுமதியின் அச்சுப் பிரதி, பதிவுச் சான்று, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புவெளிக் கரையில் மினி ட்ரோன் நிலைகொள்ளாது, காலையில் காற்று எழும்பும் முன்பே எடுத்து முடியுங்கள்.