நெகட்டிவ், ஸ்லைடுகளை வீட்டிலேயே ஸ்கேன் செய்வது எப்படி?

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" என்றுதான். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பெட்டியில் என்ன வகை பிலிம், எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாதிப் பேர் கடையில் நல்ல ஸ்கேனராகப் பார்த்து வாங்கிவிட்டு, தாத்தா எடுத்த பிலிம் அதற்குள் போகாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து பிரிப்பது

பிலிமை மேலே வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸ் இல்லையென்றால் டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் போதும். கைக்கு மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டு, பிலிமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். நெகட்டிவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லையா? போனின் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டு கேமராவைத் திறந்து பிலிமைப் பாருங்கள். முகங்கள் அடையாளம் தெரியும் அளவுக்குத் திரையில் வந்துவிடும்.

இரண்டு ஓரமும் வரிசையாகத் துளை இருந்தால் அது 35 மி.மீ. பிலிம். ஒரு பிரேம், அதாவது ஒரு படம், 24×36 மி.மீ. எண்பது, தொண்ணூறுகளின் கலர் படங்கள் பெரும்பாலும் இதுதான்.

துளையே இல்லாமல் சுமார் 6 செ.மீ. அகலத்தில் இருந்தால் அது 120 பிலிம். பரோடாவில் தயாரான அக்பா கிளிக் III வைத்திருந்த வீடுகளில் இது கட்டாயம் இருக்கும். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். ஓரத்தில் ஓர்வோ என்றோ, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' என்றோ எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்துப் படம் என்று பிறகு ஊகிக்க உதவும்.

சுமார் 5 செ.மீ. சதுர அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் நேரான நிறத்தில் தெரிவது ஸ்லைடு. அட்டையில் கோடாக்குரோம் (கோடாக்கின் ஒரு ஸ்லைடு பிலிம் வகை) என்று அச்சிட்டிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஸ்டுடியோவில் எடுத்த பெரிய நெகட்டிவ்கள் சில வீடுகளில் இருக்கும். சாய்த்துப் பார்த்தால் முகத்தின் மேல் மெல்லிய பென்சில் கோடுகள் தெரியலாம். அது அழுக்கு அல்ல. பருவையும் கருவளையத்தையும் மறைக்க ரீடச் செய்பவர் கையால் போட்டது. துடைத்தீர்களானால் அவர் வேலை முழுவதும் போய்விடும்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த வினிகர் வாடை வந்தால், அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வாடையில் இருக்கும் அமிலம் பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். அதனால் அவற்றைப் பிரித்து வையுங்கள், ஸ்கேன் வரிசையிலும் முதலில் போடுங்கள்.

டிபிஐ கணக்கு

டிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஸ்கேனர் பெட்டியில் 6400, 7200 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சென்சார் அத்தனை புள்ளிகளை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. எப்சன் வி600 என்ற பிளாட்பெட் ஸ்கேனரில் (கண்ணாடி மேல் வைத்து மூடும் வகை) 6400 என்று இருக்கும். பிலிமிலிருந்து உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 1500தான். பிலிமுக்கென்றே உள்ள பிளஸ்டெக் 8100, 8200i ஸ்கேனர்கள் இரண்டும் 7200 என்று சொல்லும். கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி.

1500 என்றால் மோசமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. பிரேமில் அது சுமார் 2100×1400 பிக்சல், அதாவது 3 மெகாபிக்சல். 5×7 அங்குலப் பிரிண்டுக்கும் வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கும் சரி, சுவரில் பெரிதாக மாட்ட முடியாது. அதே ஸ்கேனரில் 120 நெகட்டிவை வைத்தால், படம் 56 மி.மீ. சதுரம் என்பதால், 10 மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கும். ஒரே இயந்திரம் ஒரு பிலிமுக்குச் சுமார், இன்னொன்றுக்கு அருமை. பெட்டியைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எதை வாங்குவது

35 மி.மீ. மட்டும்தான் இருக்கிறது, நல்ல தரம் வேண்டும் என்றால் பிளஸ்டெக் போன்ற தனி பிலிம் ஸ்கேனர். பிலிமைப் பொருத்தும் சட்டமான ஹோல்டரில் ஆறு நெகட்டிவ் பிரேம் அல்லது நான்கு ஸ்லைடு பிடிக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஹோல்டரைக் கையால் தள்ள வேண்டும், பொறுமை வேண்டும். 120 பிலிம் இதில் போகாது. 8100க்கும் 8200iக்கும் இடையே முக்கியமான வேறுபாடு, தூசியைக் கண்டுபிடித்து நீக்க உதவும் அகச்சிவப்பு ஒளி. கலர் பிலிம்தான் அதிகம் என்றால் கூடுதல் பணம் கொடுத்து 8200i மாடலை வாங்கலாம்.

120, 35 இரண்டும் கலந்திருந்தால் பிளாட்பெட். வி600 ஹோல்டரில் ஒரே சமயத்தில் 12 நெகட்டிவ் பிரேம் அல்லது 4 ஸ்லைடு வைக்கலாம். பெரிய ஸ்டுடியோ நெகட்டிவ்களும் இருந்தால் வி850 வரை போக வேண்டியிருக்கும். விலையும் நிறைய ஏறும். சாதாரண ஆவண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்து மூடினால் ஒன்றும் வராது. மூடியிலும் விளக்கு இருந்தால்தான் ஒளி பிலிமை ஊடுருவி சென்சாருக்கு வரும்.

சிறிய திரையோடு, கம்ப்யூட்டரே வேண்டாம் என்று விற்கும் குட்டி ஸ்கேனர்கள் இருக்கின்றனவே? அவை ஸ்கேனரே அல்ல, விளக்கு வைத்த சிறிய கேமரா. ஒரு பிரேம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஜேபெக் மட்டும்தான் தரும், வெளிச்சமான இடங்கள் வெளுத்துப் போகும், தூசியை நீக்கவும் வழியில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று வேகமாகப் பட்டியல் போடப் பரவாயில்லை. திருமணப் படங்களை இதை நம்பி முடிக்காதீர்கள்.

பழைய நிக்கான் கூல்ஸ்கேன் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஆசை வரும், வரட்டும். தரம் இன்றும் உயர்வுதான். நிக்கான் அதன் தயாரிப்பை நிறுத்திப் பல வருடமாகிறது. கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம், 4000, 9000 போன்ற சில மாடல்களுக்கு ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேறு வேண்டும். நிக்கானின் சொந்த மென்பொருள் புதிய கம்ப்யூட்டர்களுக்கு ஒத்துவராது. வியூஸ்கேன் மென்பொருளில் ஓடும்.

தூசியும் பூஞ்சையும்

ஸ்கேனரைத் தொடும் முன் பிலிமைச் சுத்தம் செய்ய வேண்டும். ரப்பர் ஊதுகுழலால் இரண்டு பக்கமும் ஊதி, ஆன்டிஸ்டாட்டிக் பிரஷால் மெதுவாக ஒருமுறை. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழுந்தால் கறையாகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது. நம் ஊர் வெயிலில் இது தண்டனைதான், ஆனாலும் தூசி பாதியாகக் குறையும்.

பிசுக்கு, விரல் ரேகை இருந்தால் பிலிமுக்கென்று விற்கும் கிளீனர், அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தூள் உதிராத துணியில் சிறிது. பளபளப்பான பக்கத்தில் முதலில் முயன்று பாருங்கள். தண்ணீர் வேண்டாம். படம் பதிந்திருக்கும் பக்கம் ஜெலட்டின். பூஞ்சை அதைத் தின்றிருந்தால் அந்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து வரலாம். வலைப்பின்னல் போலப் பூஞ்சை ஆழமாகப் படர்ந்த பிலிமை அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, திரையில் சரிசெய்வதே பாதுகாப்பு.

ஸ்கேன் செய்வது

இனி எப்சன் பிளாட்பெட்டை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள்தான் மாறும்.

கண்ணாடியைத் துடைத்து, பிலிமை ஹோல்டரில் பொருத்துங்கள். பிலிமில் மங்கலான பக்கம் ஒன்று, பளபளப்பான பக்கம் ஒன்று இருக்கும். எது மேலே என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் படம் இருக்கும். முன்னோட்டம் வந்ததும் ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள். அவை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தால் பிலிமைத் திருப்புங்கள். பிலிமை ஹோல்டர் இல்லாமல் நேரே கண்ணாடியில் வைக்கக் கூடாது. போகஸும் தப்பும், படத்தில் வானவில் வளையங்களும் விழும்.

மென்பொருளில் தானியங்கி முறையை விட்டு, எல்லா வசதிகளும் தெரியும் முறைக்கு மாறுங்கள். பிலிம் வகையைச் சரியாகச் சொல்வது முக்கியம்: கலர் நெகட்டிவ், கருப்பு வெள்ளை நெகட்டிவ், பாசிட்டிவ். ஸ்லைடு என்றால் பாசிட்டிவ். கலர் நெகட்டிவ் முழுக்க ஆரஞ்சு சாயல் இருப்பதால், அதைக் கழித்தால்தான் நிறம் சரியாக வரும். வகையைத் தவறாகக் கொடுத்தால் படம் நீலம் பாய்ந்து நிற்கும்.

அடுத்து டிபிஐ. வி600க்கு 2400 போதும். 6400 கொடுத்தால் கோப்பு மட்டும்தான் பெருக்கும். பிளஸ்டெக்கில் 3600 வையுங்கள், 35 மி.மீ. பிரேமுக்கு 17 மெகாபிக்சல் வரும். ரொம்பப் பிடித்த படத்துக்கு மட்டும் 7200இல் எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் கொஞ்சம் கூடுதல் தெளிவு கிடைக்கும். வண்ண ஆழம் 48 பிட், கருப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரே. ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், அதைப் பிறகு செய்யலாம்.

தூசி நீக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலையில் பாதி நேரத்தை மிச்சம் பிடிப்பதும் இதுதான், தப்பாகப் போட்டால் படத்தைக் கெடுப்பதும் இதுதான். டிஜிட்டல் ஐஸ் என்றோ ஐஎஸ்ஆர்டி என்றோ பெயர் இருக்கும். கலர் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே ஸ்கேனர் அகச்சிவப்பில் இன்னொரு முறை ஓடி, தூசி இருக்கும் இடங்களின் வரைபடத்தை எடுத்து, அங்கே மட்டும் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்புகிறது. ஆனால் கருப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஸ்கேனர் தாத்தாவின் மீசையையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். எனவே கருப்பு வெள்ளைக்கு இதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, கலர் முறையில் கழுவும் கருப்பு வெள்ளை பிலிம்கள் மட்டும் விதிவிலக்கு. கோடாக்குரோமிலும் இது தடுமாறும், அதன் சாயம் அகச்சிவப்பை ஓரளவு தடுக்கும். அதுதான் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். நிறமும் அதில் நீலமாக வரும் பழக்கம் உண்டு. சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளில் கோடாக்குரோமுக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது.

அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு இருக்கிறது என்று மேடு போலக் காட்டும் வரைபடம். இடது முனையும் வலது முனையும் படத்தின் மேட்டை வெட்டாமல், சற்றுத் தள்ளியே நிற்கட்டும். படம் கொஞ்சம் சப்பென்று தெரியும், பரவாயில்லை. முனையில் வெட்டுப்பட்ட விவரம் பிறகு எந்த மென்பொருளிலும் திரும்ப வராது. பழைய கலர் ஸ்லைடுகளில் பெரும்பாலும் சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் மங்குவதால் எல்லாம் சிவந்து தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே திறந்து, ஒவ்வொன்றின் முனைகளையும் அதன் மேட்டுக்கு அருகே கொண்டுவாருங்கள். புடவையின் நிறம் வந்ததா என்று பார்ப்பதைவிட, சாம்பலோ வெள்ளையோ இருக்கும் இடத்தை, வேட்டி, சுண்ணாம்புச் சுவர் போன்றவற்றைப் பார்த்துச் சரிசெய்வது எளிது.

தூசி நீக்கம் போட்டால் நேரம் கூடும். ஒரு பிரேமுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 36 பிரேம் ரோல் ஒன்றுக்கு 108 நிமிடம். இருபது ரோல் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உயர்ந்த தரத்தில் எடுக்க நினைப்பவர்கள்தான் மூன்றாவது ரோலில் நிறுத்திவிடுகிறார்கள். முதலில் குறைந்த டிபிஐயில் எல்லாவற்றையும் ஓட்டி, வீட்டாரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் நன்றாக ஸ்கேன் செய்யுங்கள். மங்கலான, கை ஆடிய, ஒரே மாதிரியான படங்களுக்கு அந்த முதல் சுற்றே போதும்.

கேமரா இருப்பவர்களுக்கு

24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஏற்கனவே வீட்டில் இருந்தால், ஸ்கேனர் வாங்காமலே வேலையை முடிக்கலாம். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேலுள்ள எல்இடி பலகை, பிலிமைத் தட்டையாகப் பிடிக்க ஒரு ஹோல்டர், லென்ஸ் கீழே பார்க்கும்படி கேமராவை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. பிலிமும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் பிரேமின் சரியான நடுவில் தெரிந்தால் சரி. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா (RAW) கோப்பு, டைமர். எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்து ஒரு ரோல் முழுக்க மாற்றாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு ரோல் அரை மணிக்குள் முடிந்துவிடும். நெகட்டிவை பாசிட்டிவாக மாற்ற, டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. லைட்ரூம் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதோடு சேர்த்து ஓடும் நெகட்டிவ் லேப் ப்ரோ வாங்குகிறார்கள். அகச்சிவப்புத் தூசி நீக்கம் கிடையாது என்பதே இந்த முறையின் குறை. கருப்பு வெள்ளைக்கு அது எப்படியும் வேலை செய்யாது என்பதால், 120 கருப்பு வெள்ளை நிறைய இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கோப்பும் பிலிமும்

மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) ஆகச் சேமியுங்கள். 2400 டிபிஐ, 48 பிட் என்றால் 35 மி.மீ. பிரேம் ஒன்று சுமார் 46 எம்பி. அனுப்புவதற்கு அதிலிருந்து ஜேபெக் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஆண்டு, ரோல், பிரேம் வரிசை வரட்டும்: 1984-03-12 மாதிரி. இதில் 03 ரோல் எண், 12 பிரேம் எண். அதே ரோல் எண்ணை பிலிம் உறையிலும் எழுதினால், பிறகு அந்த பிரேமைத் தேடி எடுக்கலாம். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கோப்பின் விவரப் பகுதியில் எழுதுங்கள். அத்தை, சித்தப்பா யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ அவர்களிடம் ஸ்கேன் நடக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கோப்புகளின் ஒரு பிரதி கம்ப்யூட்டரில், இன்னொன்று தனி டிஸ்க்கில், மூன்றாவது வேறு வீட்டிலோ கிளவுடிலோ.

பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். பிவிசி உறையிலிருந்து எடுத்து பாலிபுரொப்பைலீன் உறைக்கு மாற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, வெளிச்சுவர் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம், அங்கே சூடு அதிகம். வினிகர் வாடை வந்தவற்றை இந்த டப்பாவில் சேர்க்காமல், காற்றுப் போகும் தனிக் காகித உறையில் வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.