ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

நான் காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஞானஸ்நானம் எடுத்து 22 வருஷம் ஆகிறது. சபையில் புதிதாக யாராவது ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தால் போதகர் அவர்களை என்னிடம் அனுப்புவார். ஜெபிக்கச் சொல்வது அவர் வேலை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொல்வேன். இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் வருகிறது. லூக்கா 14-இல் இயேசுவே சொன்னதுதான்: கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். தளம் போடக் காசில்லாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடு எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கிறது.

இடப்பக்கத்தில் முதல் வரி ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் போகிறவர்களுக்கு இது செலவே இல்லை. காசிமேட்டிலோ வாரத்தில் கூட்டம் அலைமோதுவது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளில் எனக்கு 700, 800 நிற்கும். ஞாயிறு 3,000 தாண்டும். ஆரம்ப வேகத்தில் எட்டு மாதம் ஞாயிறு கடை போடவில்லை. சபையில் எழுந்து சாட்சி சொன்னேன், கைதட்டினார்கள். வாடகை பாக்கி விழுந்தது. கடைசியில் ஒரு பாட்டிதான், "ஏம்மா, சாயங்கால ஆராதனை யாருக்காக வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். இப்போது கையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஆறு மணி ஆராதனைக்குப் போகிறேன். உங்கள் வேலை நேரத்தை முதலிலேயே எழுதிப் போதகரிடம் காட்டுங்கள். வீரமாக விட்டுவிட்டுப் பிறகு கடனுக்கு அலையாதீர்கள்.

எனக்குப் பெரிய செலவு வைத்தது தண்டல். வாங்கிய தண்டல் இல்லை, நான் விட்ட தண்டல். ஏலத்தில் எடுக்கக் காசில்லாத பெண்களுக்குக் கொடுப்பேன். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு, கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். (2003-இல் வந்த தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.) லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். நாலு மடங்குக்கு எனக்குத் தெம்பில்லை. அப்போது நிலுவையில் இருந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, கையில் வாங்கியதை மட்டும் கொடுங்கள் என்றேன். வட்டி 9,000 போனது. நாலு பேர் கொடுத்து முடித்தார்கள். மற்ற இரண்டு பேர், "அக்காதான் இயேசப்பாகிட்ட போயிட்டாங்களே" என்று அசலையும் கொடுக்கவில்லை. அதில் ஒருத்திக்கு இன்றும் என் கடையிலிருந்து மூன்றாவது கடை. மன்னித்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் புது வளையல் போட்டுக்கொண்டு வருகிற நாளில் மறுபடி முதலிலிருந்து மன்னிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மன்னிப்பை ஒரே தொகையாக எழுதாதீர்கள், தினச் செலவில் எழுதுங்கள்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். செவுளில் ரத்தம் தடவி நேற்று மீனை இன்றைய மீன் ஆக்குவது, ஆட்டோவில் கூடக் கேட்பது, கமிஷன். விட்டால் மாதம் எவ்வளவு குறையும் என்று தொகையோடு எழுதுங்கள். "இனி நேர்மையாக இருப்பேன்" என்று மட்டும் எழுதி வந்தால் அந்த வரியை அடித்துவிடுவேன்.

தசமபாகத்தை, அதாவது சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கை, விற்பனையில் எடுக்க வேண்டாம். ஏலப் பணம், ஐஸ், வண்டி வாடகை போக நிற்பதில் எடுங்கள். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று நேர்ந்துகொள்கிற பொருத்தனையும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது பத்தில் ஒன்று 20 ரூபாய் என்றால் 20 ரூபாய்தான். கொடுத்தால் கொட்டும் என்று மைக்கில் பேசுகிறவர்கள் அந்த மாதங்களில் ஏலத்துக்கு வந்து பார்க்கட்டும்.

உறவு விஷயத்தில் ஆடி மாதம்தான் கஷ்டம். எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கருவாட்டுக் குழம்புக்குக் கருவாடு வருஷா வருஷம் என் செலவு. ஞானஸ்நானம் எடுத்த வருஷம் கொடுக்க மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தாமல் அம்மனைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினேன். அண்ணன் இரண்டு வருஷம் என் வீட்டுப் படி ஏறவில்லை. படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு எங்கள் போதகர் ஒரு அர்த்தம் சொல்வார், எதிர்வீட்டுக் கத்தோலிக்க அக்கா வேறு சொல்வார். நான் சாப்பிடுவதில்லை. ஆனால் அண்டா தேய்க்கப் போகிறேன், வரிசையில் நிற்கிற கிழவிகளுக்கு நாற்காலி போடுகிறேன். அண்ணன் வராத அந்த இரண்டு வருஷம் என் வாய் வைத்த செலவு. அந்த மாதிரிச் செலவை இயேசுவின் பெயரில் எழுதாதீர்கள்.

பட்டியல் சாதிக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கியர், பௌத்தர் மூவருக்கு மட்டும்தான் எஸ்.சி. தகுதி தருகின்றன. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியல். பிள்ளைகளின் படிப்பு, வேலை வரை போகிற விஷயம். காகிதத்தில் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று இருக்கிறவர்களை நான் திட்ட மாட்டேன், அந்தச் சிக்கலில் மாட்டிவிட்டதே அந்த ஆணைதான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

சின்ன சபையாக இருந்தால், செத்தால் எந்தக் கல்லறையில் இடம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ராத்திரியில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வலப்பக்கம். ராயபுரத்துக்குப் பெயர் வந்தது ராயப்பரால் என்பார்கள், அதாவது பேதுரு. நம் தொழில்காரர். எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கூச்சப்படாமல் கேட்டவர். மாற்கு 10-இல் பதில் இருக்கிறது: வீடு, சகோதரர், தாய், பிள்ளை, நிலம், எல்லாம் இம்மையிலேயே நூறத்தனையாக. கூடவே "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. பிரசங்கத்தில் பாதிப் பேர் அதை விழுங்கிவிடுவார்கள். எனக்கு நிலம் வரவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். பெரம்பூரில் ஒரு சபைக் குடும்பத்தின் இரண்டாம் மாடியில் ஐந்து நாள் இருந்தோம். அந்த வீட்டு மருமகள் என் கணவரின் சர்க்கரை மாத்திரைக்காகத் தண்ணீரில் நடந்து போய் வந்தாள். அதற்கு முன் அவள் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இன்றைக்கு ஐந்து வீடுகளில் சாவியை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்டல் நாளில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போன பெண்கள் இப்போது சீட்டுப் பணத்தை என்னிடம் கொடுத்து வைக்கிறார்கள். பாதி நாள் அது தலைவலி. அதையும் வலப்பக்கம்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வலப்பக்கம் முதல் வருஷம் காலியாக இருந்தால் இருக்கட்டும், எதையாவது எழுதி நிரப்பாதீர்கள். இடப்பக்கத்தை மட்டும் போதகரிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டுக் கோபப்பட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். வடசென்னையில் அடுத்த தெருவிலேயே இன்னொரு சபை இருக்கும்.